சூட்டுத் தழும்பும் என் சாட்சியும்

யுத்தத்தில் காயம்பட்டவனுடைய சேவைப் பதிவு கிடைக்காமல் போனால், சர்க்கார் வைத்தியர் ஒருவர் அவனுடைய தழும்பைப் பார்த்து, இது யுத்தக் காயம்தான் என்று சான்று எழுதிக் கொடுத்தால் போதும். அதையே பதிவாக வைத்துக்கொள்ளலாம். இது விதி. தாலுகா ஆபீஸில் என் ஊழியக் காலம் முழுவதும் இப்படிப்பட்ட விதிகளைப் பிறருக்கு வாசித்துக் காட்டியவன் நான். விதி நல்ல விதிதான். விதிகள் எல்லாமே நல்லவைதான். அவற்றின்படி நடக்க வேண்டியவர்களுக்கு அன்றைக்கென்று வேறு வேலை வந்துவிடுகிறது, அவ்வளவே.

எங்கள் சபையாருக்கு என்னைத் தெரியும். வெளியூர்ச் சகோதரர்களும் சபைப் பத்திரிகையில் இதை வாசிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். சேலம் ஜில்லா, தர்மபுரி தாலுகா, பொம்மிடிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். 1916ஆம் வருஷம், நகல் எழுதும் குமாஸ்தாவாக இருந்த நான், லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பட்டாளத்துக்குப் போனேன். துப்பாக்கி பிடிக்கிற உடம்பு எனக்கு இல்லை. மெசப்பொட்டேமியாவில் கோவேறு கழுதைப் படைக்குக் கணக்கு எழுதுவதுதான் வேலை. ஒரு காலையில் ஆற்றங்கரையில் நின்று தீவன மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். துருக்கிப் படையின் குண்டு வந்து விழுந்தது. குண்டுக்கும் எனக்கும் நடுவில் நின்ற கழுதை செத்துப்போனது. எனக்கு வலது விலாவுக்குக் கீழே கிழிந்தது. கழுதை சர்க்கார் சொத்து. ஆகவே அதன் சாவு அன்று மாலையே பதிவாயிற்று. என்னைப் பதிய வேண்டியவன் நான்தான். நான் மணலில் கிடந்தேன்.

அங்கே கிடந்தபடி ஆண்டவரைக் கூப்பிட்டேன். பெரிய ஜெபம் ஒன்றும் இல்லை. "என்னை வூட்டுக்குக் கொண்டுபோய்ச் சேத்துடுங்க" என்ற ஒரே வரி. கொண்டுவந்து சேர்த்தார். அந்தச் சாட்சியை ஒவ்வொரு வருஷமும் தை மாதத்தில் சபை கொண்டாடும் அறுப்பின் பண்டிகையன்று கோவிலில் எழுந்து நின்று சொல்லிவந்தேன். கழுதை சாகிற இடம் எப்போது வரும் என்று பிள்ளைகள் காத்திருப்பார்கள். தலைப்பிள்ளையைப் பறிகொடுத்து, சோறு தண்ணீர் இல்லாமல் சுருண்டு கிடந்த ஒரு தாய், "நீங்க சொன்னதக் கேட்டுத்தானுங்க எந்திரிச்சேன்" என்று ஒரு முறை என்னிடம் சொன்னாள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. சொல்லிக்கொள்ளும்படி நிலமும் இல்லை. என்னுடையது என்று இந்த உலகத்தில் இருந்தது அந்தச் சாட்சி ஒன்றுதான்.

1936இல் ஓய்வு பெற்றேன். ஊழியத்தில் இருந்தவரை மற்றவர்கள் மனுக்களைத் திருப்பி அனுப்பவே நேரம் சரியாக இருந்தது. ஓய்வுக்குப் பிறகுதான் என் மனுவை எழுதினேன். காயம்பட்டுத் திரும்பியவர்களுக்குக் கொடுக்கும் பதக்கம். எங்கள் பக்கத்தில் காயப் பதக்கம் என்பார்கள். சர்க்கார் வைத்த பெயர் இன்னும் நீளம். அதை மனப்பாடம் செய்து பயனில்லை. பட்டாளத்திலிருந்து விடுவித்தபோது கொடுத்த விடுதலைச் சீட்டு, ஊர் திரும்பக் கப்பலேறும்போது பெட்டியோடு தண்ணீரில் போய்விட்டது. படையின் தலைமையிடத்துக்கு எழுதினேன். அப்படி ஒருவர் இருந்ததாகவே தெரியவில்லை என்று பதில் வந்தது. சரி, அதற்குத்தான் மேலே சொன்ன விதி இருக்கிறதே என்று 1938இல் சேலத்துக்குப் போய் சர்க்கார் வைத்தியர் முன்னால் சட்டையைக் கழற்றினேன்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கைக்குழந்தைக்கு மாந்தமோ இழுப்போ வந்தால், கம்பியைக் காய்ச்சி வயிற்றில் சூடு போடுவார்கள். தழும்பில்லாத வயிற்றை எங்கள் தாலுகாவில் தேடித்தான் பிடிக்க வேண்டும். என் வயிற்றிலும் இரண்டு உண்டு. குண்டு கிழித்த தழும்பு, என் துரதிர்ஷ்டம், அந்த இரண்டுக்கும் மேலே, அதே வரிசையில், அதே நீளத்தில், மூன்றாவதாக ஆறியிருந்தது.

வைத்தியர் கெட்டவர் இல்லை. எங்கள் பக்கத்துக்காரர்தான். அதுதான் வினை.

"சின்ன வயசுல சூடு போட்டாங்களா பெரியவரே?"

"போட்டாங்க."

"ஆரு?"

"ரெண்ட எங்க ஆத்தா போட்டாங்க. மூணாவத துருக்கிக்காரன் போட்டான்."

அவர் சிரித்துவிட்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "மூணும் ஒரே கை வேலையாட்டம் இருக்குதுங்களே" என்றார்.

மூன்றும் சிறுவயதுச் சூட்டுத் தழும்புகள் என்று எழுதினார். உள்ளே இருப்பதைப் படம் பிடிக்கும் யந்திரம் ஒன்று அடுத்த அறையில் இருந்தது. கேட்டேன். விதியில் 'தழும்பைப் பார்த்து' என்று இருக்கிறதே தவிர உள்ளே பார் என்று இல்லையாம். அந்த வாசகத்தை நானும் பலருக்குச் சொல்லியிருப்பேன், சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன். சூடே போடவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் பதக்கம் அந்த மாதமே வந்திருக்கும். உண்மை சொன்னேன். அது என்னைப் பொய்யனாக்கிற்று.

மனு தள்ளுபடியான கடிதம் கிராம முன்சீபு வழியாக வந்தது. என்னிடம் வந்து சேருவதற்குள் ஊர் அதை வாசித்து முடித்திருந்தது. பொம்மிடி ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் நான் நுழைந்ததும் ஒருவன், "சூட்டுப் பட்டாளம் வந்துட்டாரு, சல்யூட்டு வைங்கடா" என்றான். எல்லோரும் வைத்தார்கள். நானும் திருப்பி வைத்துவிட்டு டீயைக் குடித்தேன். வேறு என்ன செய்ய?

அதைத் தாங்கிக்கொண்டேன். அடுத்த மாதம், எங்கள் சபையை நடத்தும் உபதேசியார் என் வீட்டுக்கு வந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

"ரைட்டர் ஐயா, தப்பா எடுத்துக்கக் கூடாதுங்க. இந்த வருசம் பண்டிகைக்கு வேற ஆராச்சும் சாட்சி சொல்லட்டுமேன்னு..."

"ஏன்?"

"சனங்க ஒரு மாதிரி பேசறாங்க. கோவில்ல நின்னு பொய் சொல்றது... நாஞ் சொல்லலீங்க. சனங்க."

என் மனைவி எஸ்தர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "சனங்கன்னா ஆருங்க உபதேசியாரே? பேரச் சொல்லுங்க. அவங்க வூட்டுக்கே போயிக் கேட்டுட்டு வந்துடறேன்."

உபதேசியார் அவள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார். அந்த வருஷம் வேறொருவர் தன் மாடு கிடைத்த சாட்சியைச் சொன்னார். நல்ல சாட்சிதான். நான் பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு மேல்முறையீடுகள். ஜில்லாவுக்கு, அங்கிருந்து மாகாணத்துக்கு, மறுபடி ஜில்லாவுக்கு. 1939இல் புது யுத்தம் வந்தது. யுத்த நெருக்கடியை முன்னிட்டு இம்மாதிரி விஷயங்களைக் கவனிக்க இயலவில்லை என்று எழுதினார்கள். இந்த யுத்தத்தில் புதிதாகக் காயம்படுகிறவர்கள் இருக்கும்போது போன யுத்தத்துக் காயத்தை யார் தேடுவார்கள்?

ஜெபமும் செய்தேன். அதுவும் மனு மாதிரியே இருந்தது. சென்ற மாதம் சமர்ப்பித்த விண்ணப்பத்தின் தொடர்ச்சியாக, ஆண்டவரே, படைத் தலைமையிடத்தில் இன்ன அறையில் என் பதிவைக் கண்டெடுக்கச் செய்யும், இன்ன அதிகாரியின் மனதைத் திருப்பும் என்று வழியையும் நானே குறித்துக் கொடுத்தேன். எஸ்தர் ஒரு நாள் கேட்டுவிட்டு, "ஆண்டவருக்கும் நகல் எடுத்து அனுப்பறீங்களா?" என்றாள்.

1942இல் அலுத்துப்போனது. கோபம்கூட இல்லை, வெறும் அலுப்பு. கோவிலில் வாசலோரம் உட்கார்ந்து, ஆராதனை முடிவில் சொல்லும் ஆசீர்வாதத்துக்கு முன்பே எழுந்துவிடுவேன். பிறகு போவதையே விட்டேன். இந்தப் பகுதியை எழுதுவது எனக்குச் சுலபமாக இல்லை. ஆண்டவர் என்னைக் காப்பாற்றினார் என்று அத்தனை வருஷம் சொன்னவன், அது நடந்ததா என்று நானே யோசிக்க ஆரம்பித்திருந்தேன். ஆற்றங்கரை, மணல், கழுதை எல்லாம் யாரோ சொல்லக் கேட்டவை போல ஆகிவிட்டன. வயிற்றைத் தடவிப் பார்ப்பேன். மூன்று தழும்புகளும் ஒரே மாதிரிதான் இருந்தன.

ஒரு விடியற்காலையில் எஸ்தர் அடுப்பு மூட்டிக்கொண்டே ஜெபிப்பது காதில் விழுந்தது. "இவுரு சொன்னது நெசம்னு ஒரே ஒரு வாட்டி காட்டிக்குடுங்க சாமி. அதுக்கப்புறம் நாங்க ஒண்ணுமே கேக்கல." நான் ஆமென் சொல்லவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

1943 சித்திரை மாதம் வலது விலாவுக்குக் கீழே வலி கண்டது. இரண்டு நாளில் வீங்கிப் பழுத்தது. காய்ச்சலில் நான் கழுதைகளை எண்ணிக்கொண்டிருந்தேனாம். உபதேசியார்தான் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். நான் கவனிக்கும் நிலையில் இல்லை. பொம்மிடியில் ரயிலேற்றிச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இளம் டாக்டர்கள் எல்லோரும் யுத்தத்துக்குப் போயிருந்தார்கள். கத்தி பிடிக்க மிச்சமிருந்தவர் அதே வைத்தியர்.

எஸ்தர் அடையாளம் கண்டுகொண்டாள். "இவருங்களா? இவரு சூட்டுத் தழும்புன்னு எழுதிப் போட்டவராச்சே. வேண்டாங்க, மெட்ராசுக்குப் போலாம்."

"அம்மா, மெட்ராசு போற வரைக்கும் இவரு தாங்கமாட்டாரு" என்றார் வைத்தியர். தலையில் நரை ஏறியிருந்தது. அவருக்கு என்னை ஞாபகமில்லை. எத்தனை வயிற்றைத்தான் ஞாபகம் வைப்பார்?

மயக்க மருந்தும் யுத்தத்துக்குப் போயிருந்தது. மரத்துப்போக ஏதோ ஊசி போட்டார்கள், பாதிதான் மரத்தது. மேலே இருந்த அந்த மூன்றாவது தழும்பு முட்டையளவு உப்பியிருந்தது. கீறினார். வந்ததை வர்ணிக்கப் போவதில்லை. இடுக்கியை உள்ளே விட்டவர் சட்டென்று நின்றார். இடுக்கி எதிலோ தட்டிய சத்தம் எனக்கும் கேட்டது. மெதுவாக இழுத்துப் பீங்கான் தட்டில் போட்டார். கறுத்து, ஓரம் கூராக, சுண்டுவிரல் நகத்தளவு ஒரு இரும்புத் துண்டு.

"இது என்னங்க?" என்றார்.

செத்துக்கொண்டிருக்கிறவன் என்றாலும் எனக்கு வாய் அடங்கவில்லை. "சூடு போட்ட கம்பி ஒடஞ்சு உள்ள நின்னுடுச்சுங்க போல" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மறுபடி தழும்புகளைப் பார்த்தார். அப்போதுதான் ஞாபகம் வந்தது. சிரிக்கவில்லை. "துருக்கிக்காரன்னு சொன்னீங்க இல்ல?" என்று மெல்லக் கேட்டார்.

"சொன்னேனுங்க."

"தப்பு என்னுதுங்க, பெரியவரே."

வாசலில் நின்ற எஸ்தரைக் கூப்பிட்டுத் தட்டைக் காட்டினார். அவள் பார்த்தாள். என்னைத் திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

சகோதரரே, படையின் தலைமையிடத்தில் தேடும்படி நான் ஆண்டவரிடம் அத்தனை மனுப் போட்டேன். பதிவு என் சட்டைக்குள்ளேயே இருந்தது. அத்தனை வருஷம் வலியில்லாமல் அவர் அதைக் காத்துவைத்திருந்தார். நான் குறித்துக் கொடுத்த வழி எதையும் அவர் எடுக்கவில்லை. சீழாக அனுப்பினார். எனக்கு அது பிடித்த வழி இல்லை என்பதையும் இங்கே பதிகிறேன். ஆனால் காய்ச்சலும் அன்றிரவே இறங்கியது. உயிரும் மிஞ்சியது.

வைத்தியர் தன் பழைய சான்றைத் தானே ரத்துச் செய்து, தவறு தன்னுடையது என்று புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்படிச் செய்த ஓர் அதிகாரியை என் ஊழியக் காலத்தில் நான் கண்டதில்லை. அதையும் நான் அற்புதங்களில்தான் சேர்க்கிறேன்.

இரும்பையும் சான்றையும் ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன். அசலைத்தான் இணைக்க வேண்டும், அது முறை. "அதத் தொலச்சுப்புட்டாங்கன்னா?" என்று எஸ்தர் கேட்டாள். தொலைக்கட்டும் என்றேன். சொன்ன பிறகுதான் அப்படிச் சொன்னது நான்தானா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பண்டிகை நெருங்கியபோது உபதேசியார் வந்தார். "ஐயா, அந்த இரும்பக் கொண்டாந்து சபைக்கு ஒருக்காக் காட்டிட்டு, நீங்களே சாட்சி சொல்லிடுங்க" என்றார். இரும்பு தபாலில் போய்விட்டது, சர்க்காரின் பதில் வந்ததும் பார்க்கலாம் என்றேன். பழைய புத்தி. ஆனால் 1944 ஜனவரியில், பண்டிகையன்று, பாட்டு முடிந்ததும் எழுந்துவிட்டேன். ஏன் எழுந்தேன் என்பதற்கு எந்த விதியையும் காட்ட முடியாது. கையில் இரும்பு இல்லை, காகிதம் இல்லை. நடந்ததைச் சொன்னேன். மணலில் கிடந்ததையும் சொன்னேன், வாசலோரம் உட்கார்ந்து சந்தேகப்பட்டதையும் சொன்னேன். யாரும் என் வயிற்றைப் பார்க்கக் கேட்கவில்லை. உபதேசியார் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பும்போது எஸ்தரிடம், "எல்லாரும் நம்பினாங்களா?" என்று கேட்டேன்.

"ஏனுங்க, இத்தன வருசம் நான் நம்புனனே, எனக்கு எந்த டாக்டரு சர்டிபிகேட்டு குடுத்தாரு?" என்றாள்.

வழிநெடுக அவள் பின்னாலேயே நடந்துவந்தேன்.

அதன் பிறகு என் ஜெபம் சுருங்கிவிட்டது. வழி குறித்துக் கொடுப்பதில்லை. நகல் வைப்பதில்லை. மணலில் கிடந்தபோது சொன்னது போல ஒரு வரிதான். டீக்கடையில் இன்னும் சல்யூட்டு வைக்கிறார்கள். நானும் வைக்கிறேன். உடம்பு தளர்ந்துவிட்டது, நான் ஒன்றும் புது மனிதனாகிவிடவில்லை. ஆனால் ஆசீர்வாதம் முடியும்வரை உட்கார்ந்திருக்கிறேன்.

இதை வாசிக்கிறவர்களில் மனுப் போட்டுக் களைத்தவர்கள் இருப்பீர்கள். நீங்கள் சொல்லும் உண்மையை ஊர் நம்பாமல் இருக்கலாம். ஒரு கட்டத்தில் நீங்களே நம்பாமல் போகலாம். அப்போதும் அவரிடம் சொல்லுங்கள். அழகாக எழுதத் தேவையில்லை. எந்த அலுவலகத்தின் வழியாக வரும் என்று காத்திருக்கவும் வேண்டாம். அவர் நம்மை அறிந்தவர். அவருக்குச் சான்று தேவைப்படவில்லை. என்னைக் காப்பாற்றிய தேவனுக்கு, இரண்டு முறைக்கும் சேர்த்து, நன்றி செலுத்துகிறேன்.

ஆண்டவருடைய பதில் 1943 சித்திரையில் ஒரு பீங்கான் தட்டில் வந்தது. காயம் ஒப்புக்கொள்ளப்பட்டது, பதக்கம் வழங்கப்படும் என்ற சர்க்காரின் பதில் வந்த தேதி 1945 பிப்ரவரி 12, திங்கட்கிழமை.