வெறும் நூல் முடிச்சு

குற்றாலத்து அருவியில் நிற்கிற எல்லாரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். தண்ணீர் விழுகிற வேகத்தில் மூடாமல் இருக்க முடியாது. அன்றைக்கு என் தங்கை மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு நின்றாள். தண்ணீர் முகத்தில் நேராக அடித்தது. இமை மட்டும் லேசாகத் துடித்தது. கையைப் பிடித்து இழுத்தேன். பொம்மை மாதிரி வந்தாள்.

"பிள்ள குளிர்ல விறைச்சுட்டா" என்று பக்கத்தில் நின்ற பெண் சிரித்தாள்.

கம்பியைத் தாண்டி வெளியே வந்ததும் தங்கை சண்டைக்கு வந்துவிட்டாள். "ஏங்க்கா இழுத்த? இப்பதான உள்ள போனோம்!"

அப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. நான் திருநெல்வேலியில் கல்லூரியில் சேர்ந்த புதிது. விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா தென்காசி பக்கத்துக் குத்துக்கல்வலசையில் வீட்டில் இருந்தபடியே பீடி சுற்றுகிறாள். இரண்டு பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. நான் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க்கோடு தேறியபோது அப்பா தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். ஆனால் தங்கை விஷயத்தில் அவர் மனது விட்டுப்போயிருந்தது. பிள்ளை மந்தம், ஆறாம் வகுப்புக்கெல்லாம் தாங்கமாட்டாள் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

"ஒருத்தி படிச்சாச்சுல்லா, போதும். இவ அஞ்சோட நிக்கட்டும். அம்மாகூட இருந்து பீடி சுத்தட்டும்" என்றார்.

அருவியில் பார்த்த கண் எனக்கு மறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் தங்கையின் டிக்டேஷன் நோட்டை எடுத்தேன். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் 'கவனம் இல்லை' என்று எழுதியிருந்தது. அம்மா அந்த நோட்டை அடிக்கடி எடுத்துத் தடவிப் பார்ப்பாள். பக்கம் நிறைய எழுதியிருக்கிறாள் என்று அவளுக்குச் சந்தோஷம். சிவப்பு மையைப் பாராட்டு என்றே நினைத்திருந்தாள்.

நான் வாசித்தேன். பத்துச் சொல்லில் இரண்டு மூன்று சொல் இல்லை. தப்பாக எழுதவில்லை, எழுதவே இல்லை. அந்த இடத்தில் பேனா வழுக்கிக்கொண்டு போனது போல ஒரு கோடு, அவ்வளவுதான். அடுத்த சொல் பிழையில்லாமல் இருந்தது. மந்தமான பிள்ளை கஷ்டமான சொல்லைத்தானே விடும்? இவள் 'மரம்' என்பதை விட்டுவிட்டு 'விஞ்ஞானி'யைச் சரியாக எழுதியிருந்தாள்.

எல்லாருமாகத் தென்காசியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். நோட்டை மேசைமேல் விரித்து வைத்தேன். எனக்குள் ஒரே பெருமை. அவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "நல்லா கவனிச்சிருக்கீங்க" என்றபோது அது இன்னும் கூடியது. அடுத்த கேள்வியில் மாட்டிக்கொண்டேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை இப்படி வருது?"

எனக்குத் தெரியவில்லை. அம்மா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே சொன்னாள்: "ஒரு கட்டுக்கு மூணு தடவ வருதும்மா. சில நாளைக்கு நாலு."

"கட்டா?"

"இருபத்தஞ்சு பீடி. சாயங்காலம் எம்பக்கத்துல இருந்து சத்தம்போட்டுப் படிப்பா. நடுவுல நிப்பாட்டுவா, பின்ன தொடருவா. மூச்சு வாங்குதான்னு நெனச்சேன்."

"ஒரு கட்டு சுத்த எவ்வளவு நேரம் ஆகும்?"

"கால் மணி நேரம் ஆவும்."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தங்கை கையில் ஒரு காகிதத் துண்டைக் கொடுத்து, விடாமல் ஊதச் சொன்னார். இரண்டு நிமிடம்கூட இருக்காது, ஊதல் நின்றது. கண் திறந்தே இருந்தது. இமை துடித்தது. உடனே மறுபடி ஊத ஆரம்பித்தாள்.

"இதாம்மா, இதேதான்" என்றாள் அம்மா.

தலையில் ஒயர் ஒட்டி எடுத்த படமும் அதையே சொன்னது. சில நொடி மட்டும் வந்துபோகும் வலிப்பு. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"வலிப்புன்னா கீழ விழணும்லா? இவ விழவே இல்லையே?"

"இது விழாத வலிப்பு. அதான் யாருக்கும் தெரியல" என்றார் டாக்டரம்மா.

"வெளியில சொல்லிராத" என்று வருகிற வழியெல்லாம் அப்பா என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

மாத்திரை கொடுத்தார்கள். வலிப்பு வருவதைத் தினமும் குறித்துவைக்க ஒரு தாளும் கொடுத்தார்கள். நான் விடுதிக்குத் திரும்ப வேண்டும். அம்மாவால் எழுத முடியாது. என்ன செய்வாளோ என்ற கவலையோடுதான் பஸ் ஏறினேன்.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது அம்மா மஞ்சள் பையிலிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்தாள். திறந்தால் பீடி இலைத் துண்டுகள், குட்டிக் குட்டிக் கட்டுகளாக. தங்கை படிப்பு ஒருமுறை நின்றால் ஒரு துண்டு. ஒரு சாயங்காலத்துக்கு ஒரு கட்டு. பீடி கட்டுகிற அதே நூலால் முடிந்து, அவை கலைந்துபோகாதபடி நீள நூலில் வரிசையாகக் கோத்திருந்தாள். முதல் கட்டுகள் விரல் தடிமன். போகப் போக மெலிந்தன. கடைசியில் நான்கு இடத்தில் இலையே இல்லை, வெறும் முடிச்சு.

"இது?"

"அன்னைக்கு ஒண்ணும் வரலம்மா. நாளை விடக்கூடாதுல்லா, அதான் முடிச்சு மட்டும் போட்டேன்."

டாக்டரம்மா அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டார். பள்ளியில் எனக்குக் கிடைத்த எந்தச் சான்றிதழையும் நான் அப்படிப் பெருமையாகப் பார்த்ததில்லை.

வெறும் முடிச்சுகள் தொடர்ந்தன. மார்க் மட்டும் ஏறவில்லை. அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் மறுபடியும் தோல்வி.

"நின்னுபோச்சுன்னியே, பின்ன ஏன் மார்க் வரல?" என்று அப்பா கேட்டார்.

நான் அதை டாக்டரம்மாவிடம் கேட்டேன். வலிப்பு நிற்பதால் விட்டுப்போன பாடம் தானாக வந்துவிடாது என்றார். சில பிள்ளைகளுக்கு வலிப்பு நின்ற பிறகும் கவனமும் ஞாபகமும் மெதுவாகத்தான் இருக்கும், நேரம் கொடுத்துச் சொல்லித்தர வேண்டும் என்றார்.

வார விடுமுறையெல்லாம் வீட்டுக்கு வந்தேன். இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை இரவல் வாங்கினேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பார்த்துவிடுவார்களே என்று அதற்கு அட்டை போடச் சொன்னாள் தங்கை. கழித்தலில் பக்கத்து இலக்கத்திடம் கடன் வாங்குவது என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தப் படி சொல்லித்தரப்பட்டபோது அவள் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

"அப்ப நான் மட்டி இல்லையாக்கா?"

"இல்லட்டி. நீ லீவு போடாமலே லீவு எடுத்திருக்க."

அது அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஏழாம் வாய்ப்பாட்டில் இன்றைக்கும் தடுமாறுகிறாள். ஒரு பாடத்தை மற்றவர்கள் ஒருமுறை படித்தால் இவள் மூன்று முறை படிக்கிறாள். சாரல் விழுந்தால் எங்களோடு குற்றாலம் வருகிறாள். அருவியில் நிற்க டாக்டரம்மா இன்னும் அனுமதிக்காததால் துண்டையும் செருப்பையும் காத்துக்கொண்டு, உள்ளே நிற்பவர்களைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

முழுப் பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் ஐம்பதுக்கு மேல் வாங்கினாள். ஆறாம் வகுப்பில் சேர்க்க அப்பாவும் வந்தார். விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். 'உடல்நலக் குறைபாடு ஏதேனும்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினேன். வெளியில் சொல்லாதே என்றவர் பக்கத்திலேயே நின்றார்.

"என்ன கேட்டிருக்கு?" என்றார். வாசித்துக் காட்டினேன்.

அவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த டீச்சரைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். "பிள்ளைக்கு வலிப்பு இருந்துச்சு டீச்சர். மாத்திர சாப்பிடுதா. எப்பவாவது ஒரு வார்த்த விட்டுப்போச்சுன்னா அடிச்சிராதீங்க. இன்னொரு தடவ சொல்லுங்க, எழுதிருவா."

நான் எழுதினேன். என் கையெழுத்து அவ்வளவு அழகாக அதற்குமுன் வந்ததில்லை.