கூலன்ட் டப்பாவும் ஆறாத சூடும்

மெக்கானிக்குக்குப் பயம் கிடையாது என்று சொல்பவர், மலையேறி வந்து கொதிக்கும் வண்டியின் பானெட்டைத் தூக்கியதில்லை என்று அர்த்தம். சூரியநெல்லியில் கடை வைத்திருக்கும் எனக்கு இன்றும், இன்ஜினைக் குளிர்விக்கும் நீர் நிற்கும் அந்தக் கூலன்ட் டப்பாவைத் தொடக் கை கூசும். மலையில் வண்டி வைத்திருக்கும் பாவப்பட்ட ஜீவன்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மூடி

போடிமெட்டு ஏறி வந்த ஒரு சுற்றுலாக் கார் புகை விட்டுக்கொண்டு நின்றது. "தொடாதீங்க சார், ஆறட்டும்" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அதற்குள் காரை ஓட்டி வந்தவர் துண்டைப் போட்டு டப்பா மூடியைத் திருகிவிட்டார். கொதிநீர் சீறியதில் எனக்கே உயிர் போய் வந்தது. அவர் கையில் கொப்புளம், நல்லவேளை கண்ணுக்கு ஒன்றுமில்லை. அவர் மனைவி என்னிடம் சொன்னார்: "கண்ணாடி போட்டிருந்ததால தப்பிச்சார். இனிமே இவரைத் தோசைக்கல்லுப் பக்கம்கூட விடமாட்டேன்."

தண்ணி பாட்டில்

செல்வராஜ் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போகும் டிரைவர். புதிதாக வாங்கிய வண்டியில் டப்பா விரிசல் விட, அதைக் கழற்றிவிட்டு ஒரு தண்ணீர் பாட்டிலைக் கட்டியிருந்தான். எங்கள் பக்கத்துப் பழைய ஜீப்புகளில் இது சகஜம். அவற்றில் ரேடியேட்டரிலிருந்து வழிந்து வரும் நீரைப் பிடித்து வைத்தால் போதும். இந்த வண்டியிலோ இன்ஜினின் அழுத்தம் முழுக்க டப்பாவுக்குள்தான் இருக்கும். தேனியிலிருந்து புது டப்பா வரும்வரை ஆளை ஏற்றாதே என்று கெஞ்சினேன். அவன் சிரித்தான்: "அண்ணே, பழைய ஜீப்பு சாகுறவரைக்கும் பாட்டில்லதான் ஓடுச்சு. இவளுக்கு மட்டும் என்ன தனி மரியாதை?"

ஆனை

டப்பா வந்த அன்று சாயங்காலமே போன் வந்தது. பாட்டில் வெடித்து, வண்டி பெண்களோடு வளைவில் நிற்கிறதாம். டப்பாவையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு பைக்கில் போய் இறங்கினால், உள்ளிருந்த பெண்கள் வாயில் விரல் வைத்துக் கீழே காட்டினார்கள். ரோட்டுக்குக் கீழே தேயிலைக்குள் ஒற்றை யானை நின்றது.

டப்பாவை மாட்டிவிட்டேன். அவசரத்தில் கிளிப் கீழே விழுந்து, அதைத் தேடி எடுப்பதற்குள் வேர்த்துக் கொட்டியது. ஆனால் தண்ணீர் ஊற்ற முடியாது. சூட்டோடு ஊற்றினால் இன்ஜினின் மேல்பாகமான ஹெட் விரிசல் விடும், அப்புறம் வண்டி அங்கேயேதான். சாப்பாட்டுத் தூக்குவாளி உருண்டு சத்தம் போடாமல் மடியில் அணைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருக்க, நானும் செல்வராஜும் இன்ஜினையும் யானையையும் மாறி மாறிப் பார்த்தோம். பயத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சூடு அடங்கியதும் ஊற்றினேன். ஸ்டார்ட் செய்த சத்தத்தில் யானை தலையைத் தூக்கியது. ஓர் அடி எடுத்து வைத்தது. செல்வராஜ் வண்டியைக் கிளப்ப, நான் பைக்கில் பின்னாலேயே பறந்தேன். என் கடை வாசலில் இறங்கிய பெண்களில் ஒருத்தியான மாரியம்மா, கிழிந்த பாட்டிலை அவன் கையில் திணித்தாள்: "தம்பி, இதை உன் ஊட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டு. எங்க பிள்ளைக மொகத்தை நெனச்சுக்கிட்டு தெனமும் கும்பிடு."

அன்பர்களே, இந்தத் தொழிலில் நான் கற்றது ஒன்றுதான்: இன்ஜினானாலும் யானையானாலும் சூடு தானாக ஆற வேண்டும், அதுவரை நடுங்கிக்கொண்டு நிற்பதுதான் நம் வேலை.