மடிப்பைத் தடவிய விரல்

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ஒரிஜினல்’ என்றால்தான் தெருவில் தெரியும். பேரப்பிள்ளைகூட ‘ஒரிஜினல் தாத்தா’ என்றுதான் கூப்பிடுவான். அதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்துவிடும்.

பழைய சினிமா போஸ்டர் வாங்கி விற்கிற கடை அவருடையது. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மாடிக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கிற இடம். “எப்பேர்ப்பட்ட ஆளா இருந்தாலும் நம்ம கடைக்குள்ள குனிஞ்சுதான் வரணும்” என்று அதையும் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்.

பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. பிறகு பசை வாளி, ஏணி, பிரஷ். அச்சகத்திலிருந்து மடித்துக் கட்டி வரும் போஸ்டர்களைப் பிரித்துச் சுவர் சுவராக ஒட்டி வளர்ந்த கை அது. ஒட்டியது போக மிஞ்சியதைக் கூட இருந்தவர்கள் குப்பையில் போட்டார்கள். இவர் வீட்டுக்குக் கொண்டுபோனார். அந்தக் குப்பைதான் பின்னாளில் கடையாயிற்று, வீடாயிற்று, மகள் கல்யாணமாயிற்று. ஒருத்தன் கையை எதிர்பார்த்தது கிடையாது. கார் வைத்திருப்பவர்களும் கண்ணாடி போட்ட படிப்பாளிகளும் வாங்கின போஸ்டரைத் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் ஓடி வந்தார்கள்.

யாராவது பூதக்கண்ணாடியை வெளியே எடுத்தால், “அதை மடக்கி உள்ள வைங்க சார், வெயிலுக்குப் பஞ்சு கொளுத்தலாம்” என்பார். கண்ணை மூடிக்கொள்வார். வலதுகை ஆள்காட்டி விரலைக் காகிதத்தின்மேல் மெதுவாக ஓடவிடுவார். அந்தக் காலத்துப் போஸ்டர் மடிக்காமல் வந்ததே இல்லை. எத்தனை வருஷம் சுருட்டி வைத்தாலும் மடித்த இடத்தில் காகிதம் நரம்பு மாதிரி லேசாக எழும்பி நிற்கும். நகல் எடுக்கிறவன் அசலைப் படம் பிடித்து அச்சடிக்கிறான். அதனால் மடிப்பும் படமாகவே வந்துவிடும். கண்ணுக்குக் கோடு தெரியும், விரலுக்கு ஒன்றும் தட்டாது.

“மடிப்பு தெரியுது. ஆனா மடிப்பு இல்ல. அப்ப டூப்ளிகேட்.” தீர்ப்பு அவ்வளவுதான். அதற்கு மேல் மேல்முறையீடு கிடையாது.

அந்த விரல் எப்போது மரத்துப்போக ஆரம்பித்தது என்று அவருக்கே தெரியாது. சர்க்கரை கூடிப்போயிருக்கிறது, கைகால் விரல்களைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். “பசையில ஊறின கை டாக்டர், இதுக்கு ஒண்ணும் ஆகாது” என்று சிரித்துவிட்டு வந்தார். ஒருநாள் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் துணி இல்லாமல் தூக்கி நகர்த்தி வைத்தார். மனைவி பதறிப்போனாள்.

“என்னங்க, சூடு தெரியலையா உங்களுக்கு?”

“இரும்புக் கைடி இது. உனக்கு மாதிரி வெண்ணெய்ல செஞ்சதா?”

அவள் அவருடைய சிவந்த விரல்நுனிகளைப் பார்த்தாள். ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். வாய் அப்படிச் சொன்னாலும், சட்டைப் பொத்தான் போடக் குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஒரு சந்தேகம் உள்ளுக்குள் எட்டிப் பார்த்தது. அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டி உட்கார வைத்துவிட்டார்.

இந்த நிலையில்தான் பேரனின் பிறந்தநாள் வந்தது.

மகளைக் கொடுத்த வீடு பக்கத்தில்தான், நாலு தெரு தள்ளி. சம்பந்தி தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனிதர். அன்றைக்கு வீடு நிறையச் சொந்தக்காரர்கள். எல்லோரும் கேக் தின்று முடித்த பிறகு சம்பந்தி உள்ளே போய் ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாயோடு வந்தார். குழாய்க்குள்ளிருந்து ஒரு போஸ்டரை உருவினார்.

“எங்கப்பா தியேட்டர் வாசல்ல டிக்கெட் கிழிச்சவர், உங்களுக்குத் தெரியும். தியேட்டரை மூடுன அன்னைக்கு முதலாளி அவரு கையில இதைக் குடுத்தாராம். ‘உன்னை மாதிரி நாணயமான ஆளுக்கு வேற என்னய்யா குடுக்கிறது’ன்னு சொன்னாராம். சாகிற வரைக்கும் அதையேதான் சொல்லிட்டிருந்தாரு. ஃபிரேம் போட்டு ஹால்ல மாட்டலாம்னு இருக்கேன். உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போதும் சம்பந்தி.”

“வாயால எதுக்கு? விரலால சொல்றேன்” என்றார் ஒரிஜினல். எல்லோரும் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார்கள்.

போஸ்டர் சுருண்டு சுருண்டு மேலே வந்தது. மகள் சமையலறையிலிருந்து ஓடிவந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். அதிலிருந்த நடிகையின் முகத்துக்குக் குறுக்கே மங்கலாகக் கோடுகள் தெரிந்தன. அவர் கண்ணை மூடினார். விரலை ஓடவிட்டார். ஒன்றும் தட்டவில்லை. இன்னொரு தரம் ஓட்டினார். எண்ணெய் தடவிய தரை மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று.

கண்ணைத் திறந்தபோது அத்தனை முகமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்த மாதிரி நேரத்தில் அவருக்கு வாய் சும்மா இருக்காது.

“சம்பந்தி, கசங்காத சட்டைல சுருக்கத்தை டிசைனாப் போட்ட மாதிரி, மடிப்பையும் சேர்த்து அச்சடிச்சிருக்கான். பக்கா டூப்ளிகேட்!”

சம்பந்தியின் தம்பி மகன் ஒருவன் இருந்தான், வாயாடி. குபீரென்று சிரித்தான். சிரிப்பைக் கேட்டதும் ஒரிஜினலுக்கு இன்னும் கொஞ்சம் ஏறிக்கொண்டது.

“பெரியவர் எங்கேயோ நடைபாதைக் கடையில வாங்கிட்டு வந்து, முதலாளி குடுத்தாருன்னு வீட்ல அளந்து விட்டிருப்பார்! டிக்கெட் கிழிக்கிறவரு கதையும் கிழிப்பாரு போல!”

வீடே சிரித்தது. சம்பந்தியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே போஸ்டரைச் சுருட்டினார். குழாய்க்குள் அது சட்டென்று போகவில்லை, இரண்டு மூன்று தரம் முயன்று நுழைத்தார். மகள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெருமையாகப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டார் அவர்.

அதற்குப் பிறகு மகளிடமிருந்து போன் வருவது குறைந்தது. வந்தாலும் அம்மாவிடம் இரண்டு வார்த்தையோடு சரி. ‘புருஷன் வீடுன்னு ஆகிட்டா அப்படித்தான்’ என்று விட்டுவிட்டார். ஒரு மாதம் போனபின், அந்தப் பக்கமாக வந்தவர் பேரனைப் பார்க்கலாம் என்று நுழைந்தார். சம்பந்தி கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். “வாங்க சம்பந்தி” என்றவர் பேப்பரை மடிக்கவில்லை. தண்ணீர் கேட்டுச் சமையலறைக்குள் போனார் ஒரிஜினல்.

மகள் அலமாரித் தட்டிலிருந்த டப்பாக்களை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக விழுந்தது. எண்ணெய்க்கறை பிடித்த தட்டில், சர்க்கரை டப்பா இருந்த இடத்தில் ஒரு பெண்ணின் கண்ணும் பாதி மூக்கும் தெரிந்தன. அந்தக் கண் அவருக்குத் தெரிந்த கண்.

“என்னம்மா இது?”

“மாமா வெட்டித் தட்டுல விரிக்கச் சொன்னாரு. விரிச்சேன்.”

அவர் குனிந்து பார்த்தார். மூக்குக்குக் குறுக்கே போன கோட்டுக்குப் பக்கத்தில், சாய்வெயிலில், மயிரிழை அளவுக்கு ஒரு நிழல். அச்சடித்த கோட்டுக்கு நிழல் விழாது. கோட்டின் மேல் மை வெடித்து உதிர்ந்து, அடியிலிருந்த வெள்ளை நார் எட்டிப் பார்த்தது. அவர் விரலை வைத்துத் தடவினார். ஒன்றும் தெரியவில்லை. நடுவிரலால் தடவினார். இடது கையால் தடவினார். கடைசியில் அந்தத் துண்டை உருவி எடுத்துக் கீழுதட்டில் வைத்து இழுத்தார்.

உதட்டில் தட்டிற்று. நரம்பு மாதிரி, லேசாக, தெளிவாக.

துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார்.

“எனக்கு அன்னைக்கே தெரியும்பா” என்றாள் அவள், துடைப்பதை நிறுத்தாமல். “முனையைப் பிடிச்சிருந்தேன்ல. மடிப்பு மேலதான் என் கட்டைவிரல் இருந்துச்சு. சின்ன வயசுல உங்க கடையில கிடந்து வளர்ந்தவ, எனக்கு அதுகூடத் தெரியாதா?”

“அப்ப ஏன்டி வாயைத் திறக்கல?”

“அத்தனை பேர் முன்னால எங்கப்பா சொல்றது தப்புன்னு என் வாயாலயே சொல்லச் சொல்றீங்களா?” துடைப்பதை நிறுத்தினாள். “உங்க மானம் போயிடக் கூடாதுன்னு பேசாம நின்னேன். அதனால மாமாவோட அப்பா மானம் போச்சு. மாமா அன்னைக்கு முழுக்கச் சாப்பிடல. ‘எங்கப்பா பொய்யா சொல்லியிருப்பாரு? பொய்யா சொல்லியிருப்பாரு?’ன்னு அத்தைகிட்ட கேட்டுக்கிட்டே இருந்தாரு. அப்புறம் அவரேதான் கத்தரிக்கோலை எடுத்தாரு. தினமும் நான் இந்த டப்பாவைத் தூக்கிட்டுத்தான்பா காபி போடுறேன்.”

அவர் அந்தத் துண்டோடு கூடத்துக்குப் போய்ச் சம்பந்திக்கு எதிரே உட்கார்ந்தார்.

“சம்பந்தி, இது ஒரிஜினல்.”

சம்பந்தி பேப்பருக்கு மேலாகப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார்.

“எதுக்கு இதெல்லாம்? மருமக ஏதாவது சொல்லுச்சா? நான் அதை மறந்தே போயிட்டேன்.”

“சத்தியமா ஒரிஜினல். நான் தப்பாச் சொல்லிட்டேன்.”

“நீங்களாவது தப்பாச் சொல்றதாவது! ஊரே உங்க விரலை நம்புது. என் மனசு கஷ்டப்படுதுன்னு மாத்திச் சொல்றீங்க. உங்க நல்ல மனசு. விடுங்க.”

இதை ஒரிஜினல் எதிர்பார்க்கவில்லை. இத்தனை வருஷம் ஊதி ஊதிப் பெரிதாக்கிய பெயர் கதவை அடைத்துக்கொண்டு நடுவில் நின்றது. அதைத் தள்ளாமல் அந்தப் பக்கம் போக முடியாது. மனைவியிடம்கூடச் சொல்லாத விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். சொன்னாலும் நம்பப்போவதில்லை.

பேப்பர்களைக் குத்தி வைத்திருந்த குண்டூசி ஒன்று மேசைமேல் கிடந்தது. அதை எடுத்துச் சம்பந்தியின் கையில் கொடுத்தார். ஆள்காட்டி விரலை நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டார்.

“குத்துங்க.”

“ஐயையோ, என்ன சம்பந்தி இது?”

“குத்துங்கன்றேன். எப்பக் குத்துறீங்கன்னு நான் சொல்றேன்.”

சம்பந்தி தயங்கினார். வெறுமனே தொட்டார். பிறகு கொஞ்சம் அழுத்தினார். ஒரிஜினல் கண்ணை மூடியபடியே, “ம், குத்துங்க” என்றார்.

“குத்திட்டேன்” என்றார் சம்பந்தி, மிகவும் தாழ்ந்த குரலில்.

கண்ணைத் திறந்தபோது விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தம் நின்றது. சம்பந்தி தோள் துண்டால் அந்த விரலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விடவே இல்லை. அவருடைய கண் கலங்கியது. அது தனக்காக இல்லை என்று ஒரிஜினலுக்குப் புரிந்தது.

“அப்ப எங்கப்பா பொய் சொல்லல.”

“இல்ல.”

“இதை என்கிட்ட மட்டும் சொன்னாப் பத்தாது சம்பந்தி.” இந்த மனிதர் குரலை உயர்த்தி ஒரிஜினல் கேட்டதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை. “அன்னைக்குச் சிரிச்சவங்க அத்தனை பேரையும் ஞாயித்துக்கிழமை வரச் சொல்றேன். அவங்க முன்னாடி சொல்லுங்க.”

ஞாயிற்றுக்கிழமை போனார். போகும் வழியெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் திரும்பிவிடலாமா என்று யோசித்தார். அதே கூடம், அதே நாற்காலிகள். துண்டுகளை மகள் பாயில் ஒன்றோடொன்று சேர்த்து அடுக்கி வைத்திருந்தாள். எண்ணெய்க்கறையோடு அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். பழக்கதோஷத்தில், “இந்தத் தொழில்ல என்னை மாதிரி...” என்று ஆரம்பித்தார். அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

“பெரியவர் சொன்னது நிஜம்” என்றார். “இது அசல். என் விரல்ல உணர்ச்சி போச்சு. போச்சுன்னு தெரிஞ்சும் வெளியில சொல்லல. ஒரு நல்ல மனுஷனைச் செத்த பிறகு நாலு பேர் முன்னால பொய்யனாக்கினேன்.”

“அப்ப இனிமே டூப்ளிகேட் தாத்தான்னு கூப்பிடலாமா?” என்றான் அந்த வாயாடி.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலையே என்று இருந்தது அவருக்கு. தலையைக் குனிந்துகொண்டார். படிக்கட்டுக்கு அடியில் ஒரு நாளும் அவர் அவ்வளவு குனிந்ததில்லை.

மகள் காபியோடு வந்தாள். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு அவருடைய டம்ளரை மட்டும் தனியாக வைத்து, அத்தனை பேர் பார்க்க, நிதானமாக ஆற்றினாள். ஆற்றிவிட்டுத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

“சூடு சரியா இருக்குப்பா. குடிங்க.”

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.