ரயிலை நிறுத்திக் கணக்குப் போட்ட பிலோமினா அக்கா

மில் பஸ் திண்டுக்கல்லைத் தாண்டி வேடசந்தூர் சாலையில் வேகம் பிடித்திருந்தபோது பிலோமினா அக்காவின் கணவர் அந்தோணி அண்ணன் ஃபோனில் கூப்பிட்டார். "வாசுகி, ஒங்க அக்கா போயிட்டாம்மா. விடியக்காலைல. தூங்குன மாதிரியேதான் இருக்கா" என்றார். அவர் குரல் உடையவில்லை. எனக்கும் முதலில் வந்தது அழுகை இல்லை, நிம்மதி. பல மாதங்களாக டயாலிசிஸ் ஊசிகளுக்குக் கையைக் கொடுத்துக் கொடுத்து அக்கா களைத்துப் போயிருந்தார். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்க்கப் போனபோது தண்ணீர் டம்ளரைக் காட்டி, "இதுல பாதிதான் எனக்கு. மீதிய யாரு குடிக்கிறதுன்னு கணக்குல சொல்லல" என்று சிரித்தார். அந்தக் கை இனி வலிக்காது என்பதுதான் அன்று காலை என் மனதில் இருந்த ஒரே எண்ணம்.

பிலோமினா அக்கா யார் என்று நம் மில்லில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்களுக்காக எழுதுகிறேன். நூல் பரிசோதிக்கும் லேபில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர். நூலில் குறை தெரிந்தால் மேலே சீட்டு அனுப்புவதற்கு முன் தானே நூல் நூற்கும் ஃபிரேமுக்கு நடந்து வருவார். ஓட்டுகிற பெண்ணின் காதருகே குனிந்து, "ஒம் பக்கம் செத்த பாரு தாயி, நூலு மெலியுது" என்பார். சீட்டு அதற்குப் பிறகுதான் போகும். திட்டு விழுவதற்குள் சரிசெய்ய நேரம் கிடைத்துவிடும். அதனால்தான் நான் மில் கேட்டில் இறங்குவதற்குள் செய்தி மூன்று ஷிப்டுக்கும் பரவியிருந்தது.

அடக்கம் அவர் பிறந்த எரியோட்டில், மாலை நான்கு மணிக்கு. மேலாளர் என்னைக் கூப்பிட்டு, ஒரு பஸ் தருகிறேன், ஆனால் மிஷின் நிற்கக் கூடாது, யார் யார் போவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார். ஹெச்.ஆர். ஆபீசர் நாற்காலியில் நான் உட்கார்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சற்று நேரத்தில் முதல் ஷிப்டிலிருந்து பாண்டியம்மா தலையெல்லாம் பஞ்சோடு வந்து நின்றார்.

"மேடம், யாரைப் போகச் சொல்லப் போறீங்க?"

"இன்னும் முடிவு பண்ணல பாண்டியம்மா."

"போற ஆளச் சொல்றது லேசு. நிக்கிற ஆளுக்கிட்ட என்ன சொல்லுவீங்க? ஒனக்கும் அக்காவுக்கும் அம்புட்டுப் பழக்கம் இல்லன்னா?"

எல்லாரும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், யாரையும் நான் நிறுத்தக் கூடாது. அன்று என் முன் இருந்தது இவ்வளவுதான். ஒரு தாளை எடுத்து பஸ்ஸில் எத்தனை சீட், எத்தனை நடை, போக எவ்வளவு நேரம், வர எவ்வளவு நேரம் என்று எழுதிக்கொண்டே போனேன். எப்படிக் கூட்டினாலும் இரண்டாம் நடை போய்ச் சேரும்போது மூடிய குழியைத்தான் பார்க்க முடியும்.

இந்த மாதிரித் தாளைப் பார்த்தாலே எனக்கு எழுந்து ஓடத் தோன்றும். அது பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பயம். வெறும் எண்ணாகக் கொடுத்தால் கூட்டிவிடுவேன். ஒருவன் ஒரு வேலையைப் பத்து நாளில் முடிப்பான் என்று வாக்கியமாகக் கொடுத்தால் அவனோடு நானும் நின்றுவிடுவேன். நான் படித்தது வரலாறு. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, எம்.பி.ஏ. இல்லாமல் ஆபீசர் பதவி கிடையாது என்று மில்லில் சொன்னார்கள். வார விடுமுறையில் நடக்கும் எம்.பி.ஏ.வில் சேர நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதில் பாதிக்குப் பாதி இந்த வாக்கியக் கணக்குகள்தான். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். "ஏ பிள்ள, நானும் எழுதுறேன். ரெண்டு பேரும் சேந்து ஃபெயிலானா வெக்கம் பாதிதான்" என்றவர் அக்கா. அவருக்கு அந்தத் தேர்வால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

பஸ்தான் எங்கள் வகுப்பு. திண்டுக்கல்லில் அவர் எனக்கு முன் ஏறி ஜன்னலோர இடம் பிடித்து வைப்பார். முதல் நாளே என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். லேபில் நூல் ரகத்துக்கு ஒட்டும் சின்ன ஸ்டிக்கர்களைக் கிழித்து, கணக்கில் எங்கெல்லாம் எண் இருக்கிறதோ அங்கெல்லாம் ஒட்டினார். "இப்பப் படி" என்றார். "ஒரு தொட்டி. ரெண்டு குழாய் தண்ணிய உள்ள விடுது, ஒண்ணு வெளிய விடுது" என்று படித்தேன். "பயமா இருக்கா?" என்று கேட்டார். இல்லை. "அப்ப ஒனக்குக் கணக்குல பயமில்ல. எண்ணப் பாத்த ஒடனே ஏதாவது செய்யணும்னு ஒரு பதட்டம். மொதல்ல என்ன நடக்குதுன்னு சொல்லு. எண்ணு எங்கயும் ஓடிப்போகாது." எனக்குத் தெரிந்து அதற்கு முன் யாரும் என் பயத்துக்குச் சரியான பெயர் வைத்ததில்லை. பதிலுக்கு நான் அவருக்கு ஆங்கிலப் பகுதியைச் சொல்லிக் கொடுத்தேன். அதில் அவர் தேறவே இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

எல்லாக் கணக்கும் சரியாக வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். செவ்வாய்க்கிழமை இரவு பத்து மணிக்குக் குழாயைத் திறந்தால் ஏழு மணி நேரத்தில் தொட்டி நிறையும், எந்தக் கிழமை நிறையும் என்று ஒரு கேள்வி. இருவரும் கொஞ்சமும் யோசிக்காமல் செவ்வாய் என்று போட்டோம். புத்தகத்தின் கடைசியில் புதன் என்று இருந்தது. அச்சுப் பிழை என்று அக்கா அடித்துச் சொன்னார். நானும் தலையாட்டினேன். நம் மில்லில் இரவு ஷிப்ட் விடிந்து முடிந்தாலும் வருகைப் பதிவு முதல் நாள் கணக்கில்தான் ஏறும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பழக்கம் எங்களுக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது. டிரைவர் கருப்பையா அண்ணன்தான் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக் கேட்டார்: "ஏன்க்கா, புதன்கெழம காலைல அஞ்சு மணிக்கு நான் வண்டிய எடுக்குறேன். அது செவ்வாக்கெழமையா? அப்ப எனக்கு ஒரு நாள் சம்பளம் போச்சா?" பஸ்ஸே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அக்கா. தப்பு செய்துவிட்டு அப்படிச் சிரிக்க முடியும் என்பதை அன்றுதான் பார்த்தேன். என் வீட்டில், என் பள்ளியில், தப்பு என்றால் தலை குனிய வேண்டும்.

ரயில் கணக்குகளில்தான் நான் கடைசிவரை தடுமாறினேன். எதிரெதிரே இரண்டு ரயில், எப்போது சந்திக்கும். புத்தகத்தில் ஏதோ வடநாட்டு ஊர்கள். அக்கா ஒன்றைத் திண்டுக்கல்லிலிருந்தும் ஒன்றை மதுரையிலிருந்தும் விட்டார். "ரெண்டும் ஓடுது, எதப் பாக்குறதுன்னு தெரியல" என்றேன்.

"எதுக்கு ரெண்டையும் ஓட விடுற? ஒண்ண மதுரையிலயே நிப்பாட்டு."

"அப்ப கணக்கு மாறிராதா?"

"அதோட வேகத்தையும் சேத்து மத்ததுக்குக் குடுத்துரு. அது அங்கனயே நிக்கட்டும், இது வந்து சேரட்டும். சந்திக்கப் போற நேரம் ஒண்ணுதான்."

செய்து பார்த்தேன். வந்தது. அதற்குப் பிறகு எந்த ரயிலும் என்னைத் தொந்தரவு செய்யவில்லை. தேர்வில் எனக்கு இடம் கிடைத்தது, அக்காவுக்குக் கிடைக்கவில்லை. "இங்கிலீசுல எனக்கு வந்த மார்க்க யாருக்கிட்டயும் சொல்லிராத, அந்தோணி விவாகரத்து பண்ணிருவாரு" என்றார். படிப்பு முடிந்து எனக்கு ஆபீசர் ஆணை வந்த அன்று லேபிலிருந்து ஓடிவந்து என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, எதிரே நின்று பார்த்தார். அவருடைய நோய் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த வரிசையில் நடந்ததற்காக நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

அன்று காலை அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் நடைகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என்ன நடக்கிறது என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். இத்தனை பெண்கள் மில்லிலிருந்து எரியோட்டுக்குப் போக வேண்டும். அக்கா திண்டுக்கல் ஆஸ்பத்திரியிலிருந்து எரியோட்டுக்குப் போகிறார். இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏன் இரண்டும் ஓட வேண்டும்?

அந்தோணி அண்ணனை அழைத்தேன். நேர் வழியை விட்டுவிட்டு வேடசந்தூர் சாலையில் சுற்றி, மில் வாசலுக்கு அக்காவைக் கொண்டுவர முடியுமா என்று கேட்க எனக்கு வாய் கூசியது. துக்கத்தில் இருக்கும் மனிதரை ஊர் சுற்றச் சொல்கிறோமே என்றிருந்தது. அவர், "அவளுக்கும் அந்த ரோடுதானம்மா பழக்கம்" என்றார்.

இரண்டு மணி ஷிப்ட் மாற்றத்துக்குச் சற்று முன் அக்காவின் வண்டி வந்து, லாரிகளை எடை போடும் மேடைப் பக்கம் நின்றது. இரண்டாம் ஷிப்ட் பெண்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி அவரைப் பார்த்துவிட்டு நேராக ஃபிரேமுக்குப் போனார்கள். அவர்கள் போய் மிஷினைப் பிடித்துக்கொண்டதும் முதல் ஷிப்ட் வெளியே வந்தது. இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் ஹாஸ்டலிலிருந்து கலைந்த தலையோடு வந்தார்கள். ஒரு மிஷின் நிற்கவில்லை. யாரிடமும் நீ இரு என்று நான் சொல்லவில்லை.

பாண்டியம்மா பெட்டியின் கண்ணாடிமேல் கையை வைத்து, லேபில் அக்காவிடம் சொல்வது போலவே சொன்னார்: "யக்கா, இன்னைக்கு நூலு ஒரு எடத்துலயும் அறுபடல. நீங்க போயிட்டு வாங்க." அப்போதுதான் பலர் அழுதார்கள். நானும் அழுதேன். அந்தோணி அண்ணன் கூட்டத்தைப் பார்த்தபடி, "இம்புட்டுப் பேரா! வீட்டுல வந்து ஒரு நாளும் சொன்னதில்லையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மேலாளர் தந்த பஸ்ஸில் வேலை முடித்தவர்கள் வேண்டியபடி ஏறிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் எரியோட்டுக்குப் போனார்கள். அங்கே எல்லாம் அமைதியாக நடந்தது.

வீடு திரும்பி, குளித்துவிட்டு, வெகு நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். துக்க நாளில் இப்படித் தூங்கலாமா என்று மறுநாள் காலை ஒரு கணம் தோன்றியது. தோன்றியதோடு சரி.

உலகத்தில் எல்லாவற்றுக்கும் விடை இருக்கிறது என்று நான் நம்பவில்லை. அக்காவின் சிறுநீரகத்துக்கு விடை இருக்கவில்லை. ஆனால் இப்போது யாராவது ஒரு சிக்கலை என் மேஜைமேல் வைத்தால் முன்புபோல எழுந்து ஓடத் தோன்றுவதில்லை. வைத்தவரை உட்காரச் சொல்கிறேன். என்ன நடந்தது என்று கேட்கிறேன். தப்பாகப் புரிந்துகொண்டால், தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று அவர் முன்னாலேயே சிரித்துவிட்டு மறுபடியும் கேட்கிறேன். பிலோமினா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். இது எனக்குப் போதும்.