பாவுக்கு இறங்காதவர்

சம்பந்தத்தின் படம் போட்ட பேனர் தெருமுனையில் ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகியிருந்தது. கைகூப்பிய படம். நெற்றி நிறையத் திருநீறு. ‘இறைத்தொண்டேற்று மலைக்குச் செல்லும் எங்கள் தெரு அடியாரை வாழ்த்தி வழியனுப்புகிறோம்’ என்று எழுதியிருந்ததில் மேல்வரி மடிந்துபோய், கடைசிச் சொல் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

கார்த்திகை மாதத்தில் ஒரு மத்தியானம் அவர் திரும்பி வந்தார். ஆரணி பஸ் நிலையத்திலிருந்து நேர்வழி இருந்தும் குளத்தைச் சுற்றிக்கொண்டு, தெரு சாப்பாட்டில் இருக்கும் நேரம் பார்த்து நுழைந்தார். ஆடுகள் மட்டும் பார்த்தன. மனைவி அபிதகுசாம்பாள் கதவைத் திறந்து, “சாப்டீங்களா?” என்றாள்.

அன்றிலிருந்து அவர் தறியில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சத்தம் வெளியே கேட்கும். கேட்காமலேயே சாயங்காலத்துக்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. மலையில் குளிர் தாங்கவில்லை, சாமைச் சோறு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அவர் மறுக்கவில்லை. அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்றிருந்தது.

அந்தத் தெருவில் தறிக்கான பட்டுப் பாவு போடுகிற காலையில் வீட்டுக்கு ஓர் ஆள் இறங்க வேண்டும். தெரு நீளத்துக்கு இழைகளை விரித்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்ததை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்ட வேண்டும். கூலி கிடையாது, டீ உண்டு. யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. ஒருவரைக் கூப்பிட வேண்டிவந்தால் அதுவே அவருக்குக் குறை.

மலைக்குப் போவதற்கு முன், ஆடி மாதம் எதிர்வீட்டுப் பலராமன் பாவு போட்ட அன்று, சம்பந்தம் பூஜையில் பதிகம் பாடிக்கொண்டிருந்தார். அபிதா தேவிகாபுரத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். திடீரென்று தூறல். “சம்பந்தம், ஒரு கை குடுப்பா, மழ வந்துகினு கீது” என்று பலராமன் வாசலில் நின்று கூப்பிட்டார். சம்பந்தம் நிறுத்தவில்லை. முடித்துக்கொண்டு வெளியே வந்தபோது பாவில் சிவப்புச் சாயம் மஞ்சள் கரைக்குள் இறங்கியிருந்தது.

“சாமிய பாதியில வுட்டுட்டு நூலுக்கு எழுந்து வர முடியுமா?” என்றார்.

பலராமன் இழைகளைப் பிழிந்துகொண்டிருந்தார். ஆவணியில் அடியார் குழுவோடு சம்பந்தம் மலைக்குப் புறப்பட்டபோது அவருக்கு மாலை போட்டு அனுப்பியவர்களில் பலராமனும் ஒருவர்.

படவேட்டைத் தாண்டி, ஜவ்வாது மலையில் ஓர் ஊர். வீடு வீடாகப் போய்ப் பாடுவதும், கேட்க வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் வேலை. பாடுவது அவருக்கு நன்றாக வரும். சாமை அறுப்பு தொடங்கியபின் வீடுகளில் ஆள் இல்லை. அவர் சாமை விளைந்த கொல்லைக்கே போய் வரப்பில் நின்று பாடினார். முனியம்மா என்ற பெண் சாமைக் கட்டைத் தூக்க முடியாமல் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

“பாட்டு நல்லாத்தான் இருக்குது. மொதல்ல இதத் தூக்கி வுடு சாமி. ஒரு கை குடு.”

குளித்து, தீட்டுப்படாமல் மடியாக உடுத்திய வேட்டி. அவர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். நகர்ந்தது அவருக்கே தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது. அவள் குந்தி, முட்டியால் கட்டை நெம்பித் தலையில் ஏற்றிக்கொண்டு, தள்ளாடியபடி போனாள். அவர் பாட்டில் விட்ட வரியை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. சாயங்காலக் கூட்டத்திலும் பாட்டு வரவில்லை. குழுத்தலைவர் திருமலை, “தொண்ட கட்டிகிச்சா?” என்றார். “ஆமாங்க” என்று சொல்லிவிட்டு, மறுநாள் சொல்லிக்கொள்ளாமல் சம்பந்தம் மலையிறங்கினார்.

இதை அபிதாவிடம்கூட அவர் சொல்லவில்லை.

மழை விட்ட ஒரு காலையில் அபிதா அடுப்படியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள்.

“எனக்கு மேலுக்கு முடியல. பலராமண்ணன் பாவு போடறாரு. நீங்க எறங்குங்க.”

“கூப்டட்டும்.”

“கூப்ட மாட்டாரு. ஒருக்காதான் கூப்ட்டாரே.”

அவளுக்கு யார் சொன்னார்கள் என்று அவர் கேட்கவில்லை. “என்னப் பாத்துச் சிரிப்பாங்க அபிதா.”

“சிரிக்கட்டும். சிரிச்சிகினே பாவ சுத்திடுவாங்க.”

அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் காய்ச்சலா இல்லையா என்று தெரிந்துவிடும். அவர் தொடவில்லை. பூஜை தொடங்கவில்லை, திருநீறு பூசவில்லை. அப்படியே வெளியே வந்தார்.

பாவின் மறுகோடியில், அதைச் சுருட்டும் கோலின் ஒரு முனையைப் பலராமன் பிடித்திருந்தார். இன்னொரு முனை ஸ்டூல்மேல் கிடந்தது, மேலே ஒரு செங்கல். சம்பந்தம் செங்கலை எடுத்துவிட்டுக் கோலைப் பிடித்தார்.

“வாங்க சாமி. மலையில குளிரு எப்டி?” என்றார் கஞ்சி தடவிக்கொண்டிருந்த ஜெயவேல். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

“பேச்ச வுட்டுட்டு இழயப் பாருப்பா” என்றார் பலராமன். பிறகு சம்பந்தத்தின் பக்கம் பார்க்காமலே, “இறுக்காத. பட்டு” என்றார்.

பாதி சுருட்டுவதற்குள் தூறல் விழுந்தது. ஜெயவேல் ஓடிப்போய் ஆட்டுக்கொட்டகையிலிருந்து பேனரை இழுத்துவந்து மிச்சப் பாவின்மேல் போர்த்தினார். ஆட்டு மூத்திர வாடையோடு சம்பந்தத்தின் முகம் வானத்தைப் பார்த்து விரிந்தது, கைகூப்பியபடி. இந்தமுறை எல்லோரும் சிரித்தார்கள். அவருக்குக் காது சுட்டது. முகத்தை மூடிக்கொள்ளக் கை இல்லை.

“பலராமா,” என்றார் மெதுவாக. “அன்னிக்கி நீ கூப்ட்டது என் காதுல...”

“வுழுந்துதுன்னு தெரியும். அதுக்கப்பறம்தான் சத்தமா பாடின.”

சம்பந்தம் தலை நிமிரவில்லை. மனதுக்குள் ஒரு வரியாவது பாடிப் பார்க்கலாம் என்று தேடினார். இறுக்காத, பட்டு என்பதுதான் வந்தது. அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார்.

“கோல் சாயுது” என்றார் பலராமன்.

அவர் நேராகப் பிடித்தார். மழைத்தண்ணீர் வெறும் நெற்றியிலிருந்து இறங்கிக் கண்ணுக்குள் போனது.