நாற்பது நாள் காவல்

பிள்ளை பெற்ற வீட்டுக்குள் நுழைந்தால் சைனம்பு முதலில் பிள்ளையைப் பார்ப்பதில்லை. நேரே கொல்லைக்குப் போய்த் துணிக்கொடியைத்தான் பார்ப்பாள். தாய்க்காரியின் துணியைக் கண்டால் போதும், உடம்பு தேறிவிட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவாள். கோவளத்தில் முப்பது வருஷமாக மருத்துவச்சி. ஆள் குள்ளம், வாயில் ஓயாத வெற்றிலை, குரல் மட்டும் கட்டுமரக்காரனுக்கும் கேட்கும்.

பிள்ளைக்குப் பேர் வைக்கிற நாளை மறந்தாலும் மறப்பாள், நாற்பதாம் நாளை மறக்கமாட்டாள். அதுவரை புருஷன்காரன் அண்டக்கூடாது. மார்க்கமும் அதுதான், மருந்தும் அதுதான். பொறுக்க முடியாத மாப்பிள்ளைகளுக்கு அவளிடம் ஒரே வைத்தியம்: "கடலு இன்னாத்துக்கு கீது? போயி முழுவு!"

இந்தத் தடவை ஜஹனாரா வீடு. மூத்தது இன்னும் எழுந்து நடக்கவில்லை, அதற்குள் இரண்டாவது. உதிரம் கொட்டிப் பிழைத்ததே பெரும்பாடு. இருபத்திரண்டாம் நாள், வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்த கையோடு, செங்கல்பட்டில் செருப்புக் கடை வைத்திருக்கும் அவள் புருஷன் கியாசுதீன் மாமியார் வீட்டு வாசலில் ஜட்காவைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான்.

"பள்ளிவாசல் அசரத்துகிட்ட கேட்டுட்டேன் மாமி" என்றான் சைனம்புவிடம். "ரத்தம் நின்னுட்டா நாப்பது வரிக்கும் காத்துகினு இருக்கத் தேவல்லியாம். நின்னுடுச்சின்னு அவளே சொல்லிட்டா. குளிச்சிட்டா."

சைனம்பு கொல்லைக்குப் போனாள். கொடியில் ஒன்றுமில்லை. விறகுக் கட்டுக்குப் பின்னால் ஈரத்துணி சுருட்டிச் செருகியிருந்தது. கறை போகவில்லை.

"தெனம் ஆள் அனுப்பிக் கேட்டா இன்னா மாமி சொல்வேன்?" என்று ஜஹனாரா அழுதாள். "வரலேன்னா வேற நிக்காஹ் பண்ணிக்குவேன்றாரு."

அடப் பாவி! அசரத்தைத் தேடிப் போய்க் கேட்கத் தெரிந்தவனுக்குப் பெண்டாட்டியின் வெளுத்த முகத்தைப் பார்க்கத் தெரியவில்லையே! சைனம்பு விறுவிறுவென்று வாசலுக்கு வந்தாள். அந்தத் துணியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதுதான் நின்னுதா? பயத்துல பொய் சொல்லிகீது பொண்ணு. இப்ப தொட்டா ஹராம். அத கேட்டியா உங்க அசரத்துகிட்ட? இன்னொரு வாட்டி கொட்டுனா மையத்துதான் எடுக்கணும். வெள்ளக்காரனே பூட்டான், ஒன் அதிகாரம் போவலியே!"

"என் பொண்டாட்டி, என் வூட்டுக்கு இட்டுகினு போறேன். கேக்க நீ யாரு?"

ஜஹனாராவைப் பெற்றவள் சம்சாத் பேகம் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். மாப்பிள்ளை என்றால் அவளுக்கு அத்தனை பயம். ஜஹனாரா இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு, படியைப் பிடித்துப் பிடித்து ஜட்காவில் ஏறினாள். கியாசுதீன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

சைனம்பு வெற்றிலையைத் துப்பினாள். உள்ளே போய் ஒரு பாயையும் தலையணையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். வண்டியில் ஏறி, புருஷனை ஒரு தள்ளுத் தள்ளி, இரண்டு பேருக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னும் பதினெட்டு நாளு கீது" என்றாள் ஜட்காக்காரனிடம். "வண்டிய எடுபா."