கோழிக்காரி ஏங்கிய சொல்

கோழிக்காரி என்று அவளுக்குப் பெயர் வைத்தது ஊர் இல்லை, வீட்டில் இருந்த எட்டு வயசுப் பெண். முகத்துக்கு நேராக வைக்கவில்லை. தம்பியின் காதில் ரகசியமாகச் சொன்னாள், ஆனால் சமையலறை வரைக்கும் தெளிவாகக் கேட்கிற ரகசியம். "கோழிக்காரி வந்துட்டா, வாடா உள்ள போகலாம்." கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வந்த முதல் நாளே அவளுக்குக் கிடைத்த வரவேற்பு அதுதான்.

பொய்ப் பெயரும் இல்லை அது. பல வருஷம் கோழிப்பண்ணையில் மாடாய் உழைத்தவள் அவள். காலையில் கொட்டகைக்குள் போய்ச் செத்துக் கிடப்பவற்றைப் பொறுக்கிச் சாக்கில் போட வேண்டும். எடை வந்த கோழிகளைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக் கூண்டில் அடைக்க வேண்டும். நொண்டியும் சீக்குமாக இருப்பதைக் கழுத்தைத் திருகி அதே சாக்கில் சேர்க்க வேண்டும். இதிலேயே இளமை போய்விட்டது. பிள்ளை பிறக்கவில்லை என்று முதல் புருஷன் அவளைத் தள்ளி வைத்துவிட்டான். அவன் கிடக்கிறான், அவன் பேச்சு நமக்கெதற்கு?

பண்ணைக் கதவைப் பற்றவைக்க வந்தவன்தான் வெல்டர். மனைவி காய்ச்சலில் போய், இரண்டு பிள்ளைகளோடு திண்டாடிக்கொண்டிருந்தான். அவன் பெண் கேட்ட லட்சணத்தைக் கேளுங்கள். "எனக்கு ஒண்ணும் பொண்டாட்டி வேணும்னு இல்ல. பிள்ளைங்களைப் பாத்துக்க ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான்" என்றான். வேறு ஒருத்தியாக இருந்தால் போடா என்று சொல்லியிருப்பாள். இவள் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தை. பிள்ளைங்க.

நகையும் புடவையும் அவள் கேட்கவில்லை. யாராவது ஒருவர், ஒரே ஒரு தடவை, அவளை அம்மா என்று கூப்பிட வேண்டும். அதற்காகத்தான் அந்த மனுஷி அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தாள்.

பிள்ளைகளா கூப்பிடுவார்கள்! அம்மாவும் இல்லை, சித்தியும் இல்லை, எல்லாம் மொட்டைப் பேச்சு. பெரியவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்து, "தண்ணி வேணும்" என்பாள். "அப்பா கூப்பிடுறாங்க" என்று கதவிடம் சொல்லிவிட்டுப் போவாள். சின்னவனுக்கு ஐந்து வயசு. அக்கா போடுகிற தாளத்துக்கு ஆடுகிறவன், அவனும் சுவரைப் பார்த்தே தண்ணீர் கேட்டான். வெல்டர் ஒருநாள், "அம்மான்னு கூப்பிடுங்களேன்டா" என்று போகிற போக்கில் சொல்லிப் பார்த்தான். பெரியவள் சோற்றை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமலே உட்கார்ந்திருந்தாள். அதோடு அவனும் விட்டுவிட்டான். இரும்போடு இரும்பை ஒட்டத் தெரிந்தவன், அதற்கு மேல் அவனிடம் எதிர்பார்ப்பது நம் தப்பு.

தெரிந்த வித்தையைத்தானே யாரும் காட்டுவார்கள்? அவளுக்குத் தெரிந்தது கோழி. வீட்டுக்குப் பின்னால் குழாயடியை ஒட்டிக் கொஞ்சம் வெற்று மண் கிடந்தது. வெல்டரை நச்சரித்து, மிஞ்சிய கம்பியில் ஒரு கூண்டு செய்ய வைத்தாள். கூண்டைச் சுற்றிப் பாத்தி கட்டி, பீன்ஸும் தக்காளியும் கீரையும் போட்டாள். செடி விஷயத்தில் அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. விதைக் கடைக்காரன் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்தாள். பழைய பண்ணையில் கெஞ்சிக் கூத்தாடி, முட்டையிடுகிற பருவத்துக் கோழிகள் சிலவற்றைக் கொண்டுவந்தாள். அதில் ஒன்றுக்குக் கால் கோணல். சாக்குக்குப் போக வேண்டியது. கழுத்தில் கை வைத்தவள் என்ன நினைத்தாளோ, பைக்குள் போட்டு எடுத்து வந்துவிட்டாள்.

அந்த நொண்டிதான் சின்னவனை மடக்கியது. கோணல் காலை இழுத்து இழுத்து அவன் பின்னாலேயே போகும். அவன் உட்கார்ந்தால் மடியில் ஏறும். முதல் முட்டையை அவன் கையில் கொடுத்தபோது கன்னத்தில் ஒற்றிக்கொண்டு, "சுடுது! சுடுது!" என்று குதித்தான். அதிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் பையை எறிந்துவிட்டுப் பின்பக்கம் ஓடி வருவான். விதை ஊன்ற அவன் விரல்தான் அளவு. கோழிகள் பாத்திக்குள் புகுந்து கிளறினால், "ஏய், என் பீன்ஸு!" என்று துரத்துவான். ஒருநாள் புழு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்து, "அ..." என்று ஆரம்பித்தான். கோழிக்காரி மூச்சை நிறுத்திக்கொண்டு நின்றாள். அவன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தான். "...அங்க பாருங்க, புழு" என்று முடித்துவிட்டான். போச்சு! பண்ணையில் லாரி லாரியாக உயிரை ஏற்றி அனுப்பியபோது கலங்காத கண், அன்றைக்குக் கலங்கியது.

பெரியவள் கையைக் கட்டிக்கொண்டு அந்தப் படிக்கட்டில்தான் எப்போதும் இருப்பாள். கோழியைப் பார்க்க மாட்டாள், பாத்தியைப் பார்க்க மாட்டாள். மதில் ஓரத்தில் இருந்த ரோஜாச் செடியைக் காவல் காப்பாள். பெற்றவள் கையால் வைத்த செடி அது. பெற்றவள் போனதிலிருந்து மொட்டு வைக்கவில்லை. ஆனாலும் தினமும் ஒரு குவளைத் தண்ணீர் அவள் கையால்தான் ஊற்ற வேண்டும், வேறு யாரும் கிட்டப் போகக் கூடாது.

இங்கேதான் கோழிக்காரிக்குப் புத்தி கெட்டது. செடி பூத்துவிட்டால் பெண்ணின் மனசும் இளகும் என்று கணக்குப் போட்டாள். கோழி எருவுக்கு இணை எதுவும் இல்லை என்று பண்ணையில் லாரிக்காரர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறாள். அதை எத்தனை மாசம் மக்க வைப்பார்கள் என்று அவள் கேட்டதே இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, கூண்டுக்கு அடியில் கிடந்ததை ஈரம் காயாமல் வாரி வாரி ரோஜாவின் வேரில் குவித்தாள். கொஞ்சமாகப் போட்டிருந்தாலாவது தப்பித்திருக்கும். ஆசை இருக்கிறதே, அதற்கு அளவு தெரிந்தால்தானே! மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, யாருக்கும் சொல்லாமல் சிரித்துக்கொண்டாள்.

இலை நுனி கருகியது. பிறகு முழு இலையும் சுருண்டது. பெரியவள் ஒரு குவளை ஊற்றியதை இரண்டாக்கினாள், மூன்றாக்கினாள். கடைசியில் விரலால் மண்ணைக் கிளறிப் பார்த்தாள். நாற்றம் குப்பென்று வந்தது.

"வேணும்னேதான் செஞ்சீங்க" என்றாள். அவள் கோழிக்காரியின் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"இல்லம்மா, சத்தியமா பூக்கணும்னுதான்..."

"எங்கம்மா செடி. அதான் கொன்னுட்டீங்க."

வெல்டர் சத்தம் கேட்டு வந்தான். செடியைப் பார்த்தான், எருவைப் பார்த்தான். "பச்சை எருவைக் கொட்டினா வேர் வெந்து போகும்னு தெரியாதா உனக்கு? நல்ல ஆளு!" என்று சிரித்தான். சிரித்தான் அந்த மனுஷன்! அப்புறம் குனிந்து, அடித்தண்டைப் பிடித்து ஒரே இழுப்பு. மதிலுக்கு மேலே வீசி எறிந்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டான். "ஒரு செடிக்கு இவ்வளவு கூத்தா? வேற வாங்கித் தரேன், போ." பெரியவள் அழவில்லை. படிக்கட்டில் போய் உட்கார்ந்து, முதல் தடவையாகக் கோழிகளைப் பார்க்க ஆரம்பித்தாள். மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டு நாய் குரைத்தபோது அந்தப் பக்கமும் பார்த்தாள். கோழிக்காரி அதைக் கவனித்தாள். இரண்டு நாள் கண்கொத்திப் பாம்பாய் இருந்தாள். பெண் ஒன்றும் செய்யவில்லை. சரி, குழந்தைதானே என்று விட்டுவிட்டாள்.

விடுமுறை நாள். வெல்டர் வேலைக்குப் போயிருந்தான். கோழிக்காரி கூண்டைத் திறந்து தீவனம் வைத்துக்கொண்டிருந்தாள். அப்போது வாசல் பக்கமிருந்து சின்னவன் குரல் கேட்டது.

"அம்மா!"

தீவனத் தட்டு கையிலிருந்து விழுந்தது. சின்னவன் குரல்தான், சந்தேகமே இல்லை. கூண்டுத் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டாள், அது மட்டும் நல்ல ஞாபகம். செருப்புக்கூட இல்லாமல் வீட்டுக்குள் புகுந்து, மேஜையில் இடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். சின்னவன் தெருப்படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முழங்காலில் ஒரு கீறலும் இல்லை. அதையெல்லாம் பார்க்கிற நிலையிலா அவள் இருந்தாள்?

"என்னடா கண்ணு? விழுந்துட்டியா? யாரைடா கூப்பிட்டே?"

"உங்களத்தான்."

"எப்படிக் கூப்பிட்டே? இன்னொரு தடவை சொல்லு ராஜா."

அவன் வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அம்மா" என்றான்.

அப்படியே வாரி அணைத்துக்கொண்டாள். அவன் தலையில் வியர்வையும் மண்ணும் மணத்தன. அந்த நேரத்தில்தான் பின்பக்கம் கோழி கத்தியது. முட்டையிட்ட கோழி போடுகிற கூச்சலுக்கும், தொண்டையில் பல் இறங்கிய கோழி போடுகிற கூச்சலுக்கும் வித்தியாசம் தெரியாதவளா அவள்? தூக்கத்தில்கூடச் சொல்லுவாள். கேட்டது. நன்றாகவே கேட்டது. பக்கத்து வீட்டு நாயின் உறுமலும் கேட்டது. ஓடியிருந்தால் பாதியையாவது காப்பாற்றியிருக்கலாம். அவள் எழுந்திருக்கவில்லை. பையனை இன்னும் இறுக்கிக்கொண்டு, அவன் காதில், "இன்னும் ஒரே ஒரு தடவைடா" என்றாள்.

பையன் முகம் வெளுத்துவிட்டது. அவனுக்கும் கேட்டதே. "நாய் சும்மா துரத்தும்னுதான் அக்கா சொன்னா" என்றான். "நீ போய் அம்மான்னு கூப்பிடு, அப்பத்தான் அவ வருவான்னு சொன்னா. நொண்டி கத்துது. விடுங்க. அம்மா, விடுங்க!"

மூன்றாவது தடவையும் கிடைத்துவிட்டது. ஆசை தீர்ந்ததா மகராசிக்கு?

பின்பக்கம் போனபோது நாய் மதிலைத் தாண்டி ஓடிவிட்டிருந்தது. கூண்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. பீன்ஸ் பந்தலில், தக்காளிப் பாத்தியில், எங்கே பார்த்தாலும் இறகு. ஒன்றுக்கும் உயிர் இல்லை. நாய் தின்பதற்காகக் கொல்லவில்லை, ஆசைக்குக் கடித்துப் போட்டிருந்தது. நொண்டி ரோஜா இருந்த குழியில் கிடந்தது. ஓட முடியாதது வேறு எங்கே போகும்? சின்னவன் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி நிமிர்த்தி வைத்தான். அது தொங்கித் தொங்கி விழுந்தது.

பெரியவள் படிக்கட்டில் நின்றாள். தாழ்ப்பாளின் துரு அவள் விரல்களில் இருந்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. அவளும் இவ்வளவு ரத்தத்தை எதிர்பார்த்திருக்க மாட்டாள். ஆனால் தலையைக் குனியவில்லை.

கோழிக்காரி கை ஓங்கவில்லை. திட்டவும் இல்லை. அடித்திருந்தாலாவது அந்தப் பெண்ணுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். போய் ஒரு சாக்கை எடுத்து வந்தாள்.

"வா. பொறுக்கு."

"மாட்டேன்."

"ஒவ்வொண்ணா எடுத்து இதுல போடு. கழுத்தைப் பிடிக்காதே, பிஞ்சு வந்துடும். காலைப் பிடி. இப்படி."

அது பண்ணைக் குரல். அதற்கு முன்னால் அந்த வீட்டில் யாரும் கேட்டிராத குரல். பெரியவள் இறங்கி வந்தாள். பொறுக்கினாள். நடுவில் ஒருமுறை வாந்தி எடுத்தாள். கோழிக்காரி சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு, அவள் வாய் துடைக்கும்வரை காத்திருந்தாள். "இன்னும் இருக்கு, பந்தலுக்குப் பின்னால பாரு" என்றாள். கடைசியில் சின்னவன் மடியிலிருந்ததையும் அக்கா கையாலேயே பிடுங்க வைத்தாள். அவன் போட்ட அலறலில் பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து, மறுபடி மூடிக்கொண்டது.

சாயங்காலம் வெல்டர் வந்து கூண்டைப் பார்த்துவிட்டுக் குதித்தான். "நான் பண்ணின தாழ்ப்பாள், தானா திறக்காது. யார் திறந்தது?"

பெரியவள் சுவரோடு சுவராக நின்றாள். கோழிக்காரி அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

"நான்தான் சரியாப் போடலைங்க."

"இத்தனை வருஷம் பண்ணையில என்னத்தைக் கிழிச்சே நீ? ஒரு கதவைச் சாத்தத் தெரியல!" திட்டிவிட்டுக் குளிக்கப் போனான்.

பெண்ணைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள் என்று யாராவது நினைத்தால் அது அவரவர் நல்ல மனசு. அவள் சொன்னதில் பாதி உண்மை. சத்தம் கேட்டும் போகாதவள் அவள்தானே? அதைப் புருஷனிடம் எந்த வாயால் சொல்லுவாள்? பெரியவளுக்கோ, மாட்டிக்கொண்டு உதை வாங்கியிருந்தால் கணக்கு தீர்ந்திருக்கும். இப்போது அது தீரவில்லை. அவள் கையை மறுபடி மறுபடி சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

சின்னவன் சாப்பிட வரவில்லை. கோழிக்காரி தட்டை எடுத்துக்கொண்டு அவனிடம் போனாள். வெட்கத்தை விட்டு, தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வேற கோழி கொண்டு வரேன்டா. இன்னொரு நொண்டி கொண்டு வரேன். மத்தியானம் கூப்பிட்டியே, அது அக்கா சொல்லித்தான் கூப்பிட்டே, தெரியும். பரவாயில்ல. இப்ப நீயா ஒரு தடவை கூப்பிடு."

அவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினான்.

"ஏன்டா?"

"கூப்பிட்டா செத்துப் போயிடுது" என்றான். "மொதல்ல எங்கம்மா. அப்புறம் நொண்டி. நான் இனிமே யாரையும் கூப்பிட மாட்டேன்."

அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம். அப்படியெல்லாம் இல்லடா என்று ஒரு வார்த்தை. தட்டிலிருந்த சோறு ஆறி, மேலே வறண்டு போனது.

நெடுநேரம் கழித்து அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"தண்ணி வேணும்" என்றான் சுவரிடம்.

அவள் எழுந்து போய் எடுத்து வந்து கொடுத்தாள்.